கொன்யா நகரத்து ஓடும் நம் பேருந்துப் பறவையும்

எனக்குத் தொழில் டைல்ஸ் வியாபாரம். சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். பெங்களூருக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில் படித்ததுதான் என் படிப்பு. ஆகவே இக்கட்டுரையில் குற்றங்குறை இருப்பின் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வியாபார விஷயமாகத் துருக்கி நாட்டுக்குப் போக நேர்ந்தது. போன வேலை முடிந்து இரண்டு நாள் மிச்சம் இருந்தது. மௌலானா ரூமி அடக்கமாகியிருக்கும் கொன்யா நகருக்குப் போய் வந்தேன். அங்கே 1251இல் கட்டப்பட்ட காரதாய் மதரசா இன்று ஓடுகளுக்கான அருங்காட்சியகமாக விளங்குகிறது. நான் சொல்வது கூரை ஓடு அன்று, சுவரில் பதிக்கும் மெருகு ஓடு. இந்தத் தொழிலில் இருப்பவன் அங்கே நுழைந்தால் வெளியே வர மனம் வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டு முனை நட்சத்திர வடிவத்தில் ஓர் ஓடு. அதில் ஒரு பறவை. விரித்த சிறகு, ஒரே உடம்பு, இடமும் வலமும் பார்க்கும் இரண்டு தலை. கைபேசியில் படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "தாத்தா, இது நம்ம கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ல இருக்கிற பறவைதானே? அங்கேயும் அந்த பஸ் ஓடுதா?"

சிரித்துவிட்டேன். ஆனால் சிரித்து முடிந்ததும் மனத்தில் ஒரு முள் குத்தியது. பல ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஒரு மலரில், "இருதலைப்புள் தமிழன் கண்ட பறவை, இங்கிருந்தே உலகெங்கும் பறந்தது" என்று நான் எழுதியிருந்தேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். அப்படி எழுத எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? ஒன்றும் இல்லை, ஆசைதான் இருந்தது. இக்கட்டுரை அந்தப் பறவையைப் பற்றியது. என் பழைய பிழையைத் திருத்திக் கொள்ளும் முயற்சியும் ஆகும்.

அரண்மனைச் சுவரில் பறவைகள்

அந்த ஓடு கொன்யாவுக்கு மேற்கே, பெய்ஷெஹிர் ஏரிக்கரையில் இருந்த குபாதாபாத் அரண்மனையைச் சேர்ந்தது. செல்ஜூக் துருக்கிய மரபில் 1220 முதல் 1237 வரை ஆண்ட சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் கட்டிய அரண்மனை அது. நம் பக்கத்தில் சோழப் பேரரசு தளர்ந்து, மூன்றாம் இராஜராஜன் பெயரளவில் ஆண்டுகொண்டிருந்த காலம் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம். அரண்மனை இடிந்து மண்மூடிப் போயிற்று. 1949இல் அந்த இடம் அடையாளம் காணப்பட்டது. பின்னர் நடந்த அகழாய்வுகளில் ஓடுகள் வெளிவந்தன.

நட்சத்திர ஓடு, அதன் இடைவெளியை நிரப்பச் சிலுவை வடிவ ஓடு, மறுபடி நட்சத்திரம் என்று சுவர் நெடுகப் பதித்திருக்கிறார்கள். அந்த நட்சத்திரங்களுக்குள்ளேதான் எத்தனை பிராணிகள்! மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஒன்று. பெண் முகமும் பறவை உடலும் கொண்ட ஒன்று. மயில், மீன், நாய், குதிரை. எல்லாவற்றுக்கும் மேலாக இரட்டைத்தலைக் கழுகு. சில ஓடுகளில் அந்தக் கழுகின் மார்பிலேயே "அஸ்ஸுல்தான்" என்று எழுதியிருக்கிறது. ஆக, அது அரசனின் முத்திரை. கொன்யாக் கோட்டை மதிலில் இருந்த கல் சிற்பத்திலும் அதே பறவை உண்டு.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் எழும். "இஸ்லாத்தில் உருவம் கூடாது என்பார்களே, இதெல்லாம் எப்படி?" எனக்கும் எழுந்தது. பள்ளிவாசலிலும் திருக்குர்ஆன் பிரதியிலும் உயிருள்ளவற்றின் உருவம் இடம்பெறுவதில்லை. அங்கே கொடியும் பூவும் எழுத்தும்தான். ஆனால் அரண்மனை வேறு, சாப்பாட்டுத் தட்டு வேறு, குளியல் அறை வேறு. எகிப்தில் பாத்திமிய கலீபாக்கள் காலத்துக் கிண்ணங்களிலும், ஈரானின் காஷான் நகரத்துத் தட்டுகளிலும் சிறகு முளைத்த சிங்கமும் பெண்முகப் பறவையும் தாராளமாக உண்டு. தொழுமிடத்துக்கு ஒரு நெறி, வாழுமிடத்துக்கு ஒரு வழக்கம். நம் வீட்டுக் கோலத்தில் வரும் மயிலும் கிளியும் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஓடு சுட்ட கை

நான் வியாபாரி என்பதால் சரக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காஷான் நகரத்தில் தலைமுறை தலைமுறையாக ஓடு சுட்ட ஒரு குடும்பம் இருந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் என்பவர் 1301இல் தொழில் முறையை எழுதி வைத்தார். தொழில் ரகசியத்தை யாரும் எளிதில் எழுத மாட்டார்கள், அவர் எழுதினார். பொடித்த வெண்கல் மணல் 10 பங்கு, உருக்கிப் பொடித்த கண்ணாடி 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு என்பது அவர் தரும் கணக்கு. அதாவது மண்பாண்டம் என்று பெயர்தானே ஒழிய, அதில் மண் மிகக் குறைவு. சீனத்துப் பீங்கானுக்குரிய வெள்ளை மண் அங்கே கிடைக்காததால், பீங்கானின் வெண்மைக்காகக் கண்டுபிடித்த உபாயம் இது.

அதன்மேல் சித்திரம் எழுதி, கண்ணாடிபோல் உருகும் மெருகைப் பூசிச் சூளையில் வைப்பார்கள். மெருகில் செம்பு கலந்தால், சாம்பலுப்பு சேர்ந்த மெருகாயின் பச்சைநீலம் கிடைக்கும். ஈயம் சேர்ந்த மெருகாயின் பச்சை கிடைக்கும். கோபால்ட் கலந்தால் கருநீலம். பொன்மெருகு வேண்டுமென்றால் இன்னும் சிரமம். ஒருமுறை சுட்டெடுத்த ஓட்டின்மேல் வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையால் எழுதி, காற்றைக் குறைத்துப் புகையடைத்த சூளையில் மறுபடியும் சுட வேண்டும். ஆறிய பிறகு மேலே படிந்த கரியைத் துணியால் துடைத்தால் தங்கம்போல் மின்னும். கொஞ்சம் சூடு கூடினாலும் குறைந்தாலும் போட்ட முதல் போச்சு! மோர்பியிலிருந்து லாரி லாரியாக இறங்கும் இன்றைய டைல்ஸில் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நிறம் சற்று மாறினாலே வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். குபாதாபாத் ஓடுகளில் ஒரு பறவைபோல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றும் ஒருவன் கையால் எழுதியது.

காஷானில் செய்ததால் ஓட்டுக்குப் பாரசீகத்தில் "காஷி" என்றே பெயர் வந்துவிட்டது. நம் காசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு வரலாறு எழுதக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான்.

உருவம் வெளியூர், பொருள் உள்ளூர்

ஈரானின் வடமேற்கில் தக்தி சுலைமான் என்ற இடம் உண்டு. மங்கோலிய மன்னன் அபாகா கான் 1270களில் அங்கே ஓர் அரண்மனை எழுப்பினான். அதன் ஓடுகளில் சீனத்து நாகமும், நீண்ட தீச்சுடர் வால் கொண்ட சீனத்துப் பறவையும் பறக்கின்றன. அந்த ஓடுகளில் சில இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சீனப் பறவையைப் பார்த்த பாரசீகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "இது எங்கள் சீமுர்க்" என்று சொல்லிவிட்டார்கள்! சீமுர்க் என்பது பிர்தௌசியின் ஷாநாமாவில், பெற்றவன் கைவிட்ட சால் என்ற குழந்தையை மலைமேல் தூக்கிப்போய் வளர்த்த பறவை. பின்னாளில் அத்தார் என்ற ஞானக்கவி அந்தப் பெயரைப் பிரித்துப் பொருள் கண்டார். பாரசீகத்தில் "சீ" என்றால் முப்பது, "முர்க்" என்றால் பறவை. தங்கள் அரசனாகிய சீமுர்க்கைத் தேடி எண்ணற்ற பறவைகள் புறப்படுகின்றன. ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து கடைசியில் போய்ச் சேர்ந்தவை முப்பதே பறவைகள். அங்கே அவை கண்ட அரசன் வேறு யாருமல்லன், தாமேயான அந்த முப்பது பறவைகள்! உருவம் சீனாவிலிருந்து வந்தது. பெயரும் கதையும் ஞானமும் அந்த மண்ணுடையவை.

நம் வீடுகளிலும் இது நடந்திருக்கிறது. பெண் முகம், பசு உடல், சிறகு, மயில் தோகை என்று பூஜை அறைப் படத்தில் காமதேனு இருக்கிறாள் அல்லவா? நபிகள் நாயகத்தின் விண்ணேற்ற வாகனமாகிய புராக் என்பதும் ஓவியங்களில் ஏறக்குறைய அப்படித்தான் தோற்றமளிக்கும். இந்த ஒற்றுமையைக் கலை வரலாற்று அறிஞர்கள் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள். அதனால் காமதேனு நம்முடையவள் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது.

பீதரில் ஒரு சிங்கம்

இவ்வளவு தூரம் போவானேன், நம் கர்நாடகத்திலேயே பாரசீக ஓடு உண்டு. பெங்களூரிலிருந்து இரவு ரயில் ஏறினால் பீதர். 1422 முதல் 1436 வரை ஆண்ட பாமனி சுல்தான் அகமது ஷா, குல்பர்காவிலிருந்து தலைநகரை அங்கே மாற்றினான். அவன் கோட்டைக்குள் எழுப்பிய தக்த் மஹால் அரண்மனை முழுவதும் ஒரு காலத்தில் வண்ண ஓடுகளால் இழைக்கப்பட்டிருந்தது. பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மிஞ்சியதில் வளைவின் மூலையில் ஒரு விலங்கு நிற்கிறது. சிங்கம் என்பாரும் உண்டு, புலி என்பாரும் உண்டு. அதன் முதுகின்மேல் சூரியன் உதிக்கிறான்.

இந்தச் சிங்கமும் சூரியனும் பாரசீக, துருக்கிய நாடுகளின் பழைய சின்னம். நான் மேலே சொன்ன கைகுபாத்தின் மகன் 1240 வாக்கில் வெளியிட்ட வெள்ளிக் காசிலும் அதே உரு இருக்கிறது. அர்த்தம் புரிய நமக்கு அகராதி வேண்டாம். சிம்ம ராசிக்கு அதிபதி சூரியன் என்பது நம் பாட்டிமாருக்கே தெரியும். அதே சோதிடக் கணக்குதான் அங்கேயும்.

பீதர் ஊருக்குள் மகமூது கவான் 1472இல் கட்டிய மதரசா இருக்கிறது. கவான் ஈரானின் கீலான் பகுதியிலிருந்து வியாபாரியாக வந்து, பாமனி அரசின் முதன்மை அமைச்சராக உயர்ந்தவர். வியாபாரி என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம். அங்கேயும் நீலமும் வெள்ளையும் மஞ்சளுமாக ஓடுகள் உண்டு, ஆனால் எழுத்தும் பூவுமே அன்றிப் பிராணிகள் இல்லை. அரண்மனையில் சிங்கம், வேதப் பள்ளியில் எழுத்து. முன்னே சொன்ன நெறி பீதரிலும் அப்படியே.

கன்னட நாட்டுக் கண்டபேரண்டம்

இனி நம் பறவைக்கு வருவோம். கன்னடத்தில் கண்டபேருண்டம் என்பதை நாம் கண்டபேரண்டம், அண்டபேரண்டப் பட்சி என்கிறோம். சிவமொக்கா மாவட்டம் பள்ளிகாவியில் இதற்காகவே ஒரு கல்தூண் உண்டு. சாளுக்கியருக்குக் கீழே பனவாசி நாட்டை ஆண்ட சாமுண்டராயரசன் 1047இல் நாட்டியது. அங்குள்ள உருவம் மனித உடலும் இரண்டு பறவைத் தலையும் கொண்டது. குபாதாபாத் ஓட்டுக்கு ஏறத்தாழ 180 ஆண்டு மூத்தது. பேலூர்ச் சிற்பம் ஒன்றில் யானையைச் சிங்கம் பிடிக்க, சிங்கத்தைச் சரபம் பிடிக்க, சரபத்தைக் கண்டபேரண்டம் பிடிக்கிறது. வல்லவனுக்கு வல்லவன்!

1529 முதல் 1542 வரை ஆண்ட விஜயநகர மன்னர் அச்சுததேவராயரின் பொற்காசில் இப்பறவை அலகிலும் நகத்திலும் யானைகளைக் கவ்விக் கொண்டிருக்கிறது. பின்பு மைசூர் உடையார்களின் சின்னமாகி, இன்று கர்நாடக அரசின் சின்னமாகப் பேருந்து வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சுல்தான்களும் இதை விட்டுவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் அமராவதி மாவட்டத்துக் காவில்கட் கோட்டையில், தில்லி வாசல் என்னும் கதவின் மேலே யானைகளைப் பிடித்த இருதலைப் பறவை உண்டு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கோட்டை பதுல்லா இமாதுல் முல்க் வசம் இருந்தது. இவர் விஜயநகரப் பகுதியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகச் சிறைபிடிக்கப்பட்டு, முஸ்லிமாக வளர்ந்து, பேரார் நாட்டின் சுல்தான் ஆனவர் என்று பெரிஷ்தாவின் வரலாறு கூறுகிறது. அந்த வாசலில் இருக்கும் பறவை எந்த மதத்துப் பறவை, எந்த நாட்டுப் பறவை என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

எது முந்தியது?

"இருக்கட்டும் ஐயா, சங்க இலக்கியத்தில் இருக்கிறதே, நாம்தானே முதல்?" என்று கேட்பீர்கள். நானும் அதை வைத்துத்தான் அன்று எழுதினேன். அகநானூறு 12ஆம் பாட்டில் கபிலர், தலைவிக்கும் தோழிக்கும் உடல் வேறானாலும் உயிர் வேறில்லை என்று சொல்ல இப்பறவையை உவமையாக்குகிறார். உண்மைதான். ஆனால் துருக்கியில் அலாஜா ஹுயூக் என்ற இடத்தில், ஹிட்டைட் மக்கள் கட்டிய நகரவாசல் கல்லில் இரட்டைத்தலைக் கழுகு ஒன்று இரண்டு நகங்களிலும் இரண்டு முயல்களைப் பிடித்தபடி நிற்கிறது. அது கபிலருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தியது. யானையைப் பிடித்த நம் பறவைக்கு முயலைப் பிடித்த அண்ணன்!

அப்படியானால் அங்கிருந்து இங்கே வந்ததா? அதற்கும் நேரான சாட்சி இல்லை. இன்றைய பாகிஸ்தானில் தட்சசீலத்தை அடுத்த சிர்கப்பில், ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான தூபி ஒன்றில் இருதலைக் கழுகு இருக்கிறது. அகழ்ந்த சர் ஜான் மார்ஷல் அது சமணத் தூபியாக இருக்கலாம் என்று கருதினார். இப்படி வழிநெடுகக் காலடி தெரிகிறது. ஆனால் நடந்தது ஒரே பறவையா, பல பறவைகளா என்பது தெரியவில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் எந்தக் கைவினைஞனும் ஒரு கழுத்துக்கு இன்னொரு கழுத்து எழுதிவிடக் கூடும். ஆகவே "இங்கிருந்தே பறந்தது" என்று நான் எழுதியதை இம்மலரில் திரும்பப் பெற்றுக் கொள்கிறேன்.

எங்கள் பாரண்டம்

உருவத்தை விட்டுப் பொருளைப் பாருங்கள். அனத்தோலியாவில் அது சுல்தானின் அதிகாரம். கன்னட நாட்டில் யானையையும் வெல்லும் வீரம். சமண நூல்களில் அதற்குப் பாரண்டம் என்று பெயர். சுவேதாம்பரர்களின் உத்தராத்தியயன சூத்திரம் "பாரண்டப் பறவைபோல் சோர்வின்றி விழிப்பாயிரு" என்ற கருத்தைச் சொல்கிறது. கல்பசூத்திரம் பகவான் மகாவீரரின் விழிப்புக்கு அதையே உவமையாக்குகிறது. தமிழ்ச் சமணராகிய நாங்கள் திகம்பர மரபினர். அந்நூல்களை ஆகமமாகக் கொள்வதில்லை. ஆனாலும் நல்ல உவமை யார் வீட்டில் இருந்தால் என்ன? ஒரு வயிறு, இரண்டு கழுத்து. ஒரு தலை அசந்தாலும் இரண்டுக்கும் ஆபத்து. அதனால்தான் விழிப்பு.

பஞ்சதந்திரத்தில் அந்த ஆபத்தே கதையாகிறது. ஒரு தலைக்குத் தேவாமிர்தம் போன்ற பழம் கிடைக்கிறது. இன்னொரு தலை பங்கு கேட்கிறது. "எப்படியும் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது" என்று கொடுக்காமல் தின்றுவிடுகிறது. கோபம் கொண்ட தலை, ஒருநாள் நஞ்சுப் பழத்தைக் கண்டு வேண்டுமென்றே விழுங்குகிறது. வயிறு ஒன்று. இரண்டும் செத்தன.

நம் கலித்தொகையின் 89ஆம் பாட்டிலும் இந்தப் பறவை வருகிறது, ஆனால் அங்கே ஒரு தலை மற்றொரு தலையோடு சண்டை போடுகிறது. அகநானூற்றில் ஓருயிர் நட்பு, கலித்தொகையில் ஓருடல் சண்டை. இரண்டும் தமிழ்ப் புலவர் கண்டதுதான். நான் முன்பு எழுதியபோது முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

1991 டிசம்பர் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிக் கலவரம். அப்போது என் கடை சிறியது. பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே அடுக்கியிருந்த சரக்கு உடையும் சத்தம் ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டது. பிறகு நின்றது. பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர், கன்னடக்காரர், என் ஷட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இருட்டிய பிறகு தட்டி, "நயினாரே, வெளியே வாங்க, போயிட்டாங்க" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். உடைந்த ஓட்டை இரண்டு பேருமாகத்தான் கூட்டினோம். கதையில் வரும் இரண்டு தலையையும் அன்று ஒரே தெருவில் பார்த்தேன்.

அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அன்று அந்த ஹார்டுவேர் கடைக்காரரும் என்னோடு அல்சூருக்கு வந்திருந்தார். கூட்டத்தில் சிலை சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கடைசிவரை நின்றார்.

அன்பான பெற்றோர்களே! அடுத்த முறை மெஜஸ்டிக்கில் பஸ் ஏறும்போது அந்தப் பறவையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அம்மாவின் காஞ்சிபுரம் பட்டில் இருதலைப்பட்சிக் கரை இருந்தால் அதையும் காட்டுங்கள். கபிலரைச் சொல்லுங்கள், பள்ளிகாவித் தூணைச் சொல்லுங்கள், ஏரிக்கரை அரண்மனையில் பெயர் தெரியாத ஒருவன் எழுதிய நீல ஓட்டையும் சொல்லுங்கள். ஒரே வயிற்றின் கதையை மறக்காமல் சொல்லுங்கள். "இது நம்மிடமிருந்து போனது" என்று மட்டும், என்னைப்போல், சொல்லிவிடாதீர்கள்.